மொட்டைத் தலைக்கு ஏற்ற கல்லூரி

ஜூன் மாதம் வந்தாலே எனக்கு எரிச்சல் ஆரம்பமாகிவிடும். திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், வருமானச் சான்றிதழ், பட்டா விண்ணப்பம் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு மட்டும் கடை வேறு மாதிரி ஆகிவிடும். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், மணவூர் என்று சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்து நிற்பார்கள். எந்தக் கல்லூரி முதலில், எது இரண்டாவது என்று கம்ப்யூட்டரில் வரிசையாகச் சாய்ஸ் போட்டுக் கொடுக்க வேண்டும்.

யாரும் படிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. வழியைப் பற்றித்தான் கேட்பார்கள்.

"காத்தால லோக்கல் டிரெயின்ல ஏறுனா சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடணுங்க. அந்த மாதிரி காலேஜா பாத்துப் போடுங்க."

"அது அவ்வளவு நல்ல காலேஜ் இல்லைங்க. இந்த மார்க்குக்கு இதைவிட நல்லது கிடைக்கும்."

"இருக்கட்டுங்க. டிரெயின் இருக்குது இல்ல?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவர்கள் சொன்னதையே போடுவேன். சில சமயம் வாயைத் திறந்து திட்டியும் இருக்கிறேன். என் கடைக்கு வருகிறவர்களுக்கு என் வாய் தெரியும். ஆனால் அவர்களைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை என்பது யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் வரை என் அம்மாவுக்கும் தெரியாது.

எங்களுக்கு ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் இருந்தது. வேர்க்கடலை, கொஞ்சம் நெல், கிணற்றில் தண்ணீர் இருந்தால் கத்திரிக்காய். நான் எட்டாவது படிக்கும்போது கடலைச் செடி திட்டுத் திட்டாக மஞ்சளாகிக் காய ஆரம்பித்தது. விவசாய அலுவலகத்திலிருந்து ஜீப்பில் ஒரு பெண் அதிகாரி வந்தார். செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு உள்ளே இறங்கினார். ஒரு செடியைப் பிடுங்கி, வேரைக் கிள்ளி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்த்தார். என் அப்பா துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த நைனா ஒரு பெண்ணைப் பார்த்து, "சொல்லுங்க மேடம், செய்றேங்க" என்றார்.

அந்த அதிகாரி சொன்ன நோயின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. அவர் முகர்ந்து பார்த்தது மறக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நானும் ஜீப்பிலிருந்து இறங்கி வேரை முகர்ந்து பார்க்க வேண்டும்.

அதற்குக் கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. அக்ரி படிக்க வேண்டும் என்று உயிரியல் டீச்சர் சொன்னார். படித்தேன். வெறி பிடித்த மாதிரி படித்தேன். ஆயிரத்துக்கு மேல் மார்க் வாங்கினால் மகளின் முடியைக் கொடுப்பதாக அம்மா மலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் வேண்டுதல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது முடிதான். ஆயிரத்தைத் தாண்டி நிறையவே வாங்கினேன். கோயம்புத்தூரிலிருந்து கவுன்சிலிங் கடிதமும் வந்தது. சீட்டு உறுதி என்று டீச்சர் சொன்னார்.

கடிதம் வந்த அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அதற்கு முந்தைய வருஷம் ஒரு வினாடி வினாப் போட்டிக்காகப் பள்ளியிலிருந்து என்னை வேலூருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே பெரிய பள்ளிப் பெண்கள் நான்கு பேர், எந்த ஊர் என்று என்னைக் கேட்டார்கள். "காத்தாலயே கெளம்பி வந்துகினே இருக்கறோம்" என்றேன். அவ்வளவுதான். அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வந்துகினே, போய்கினே" என்று பாடினார்கள். சிரிப்பில் பெரிய விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அன்று நான் வாயைத் திறக்கவில்லை. விடை தெரிந்த கேள்விகளுக்கும் பதில் சொல்லவில்லை. கடைசி இடத்தில் வந்தோம். வேலூரிலேயே இப்படி என்றால் கோயம்புத்தூரில் நான்கு வருஷம் எப்படி இருக்கும்? ஒரு இரவுகூட நான் வீட்டை விட்டு வெளியே தூங்கியதில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். ஊரெல்லாம் அக்ரி, அக்ரி என்று பீற்றிக்கொண்டவள் நான்தான்.

கவுன்சிலிங்குக்குப் பத்து நாள் இருந்தது. அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அரக்கோணத்திலிருந்து ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டார். அம்மா சொன்னாள்: "நீ போய் சேர்ந்துட்டு வா. முடிய அப்புறம் லீவுல குடுத்துக்கலாம். முருகன் எங்க ஓடிடப் போறாரு?"

நான், "வேண்டுதலைத் தள்ளிப் போடக்கூடாது" என்றேன்.

நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. கிருத்திகைக்கு மலையேறச் சொன்னால் தலைவலி என்று படுத்துக்கொள்கிறவள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், மகளுக்கு பக்தி வந்துவிட்டது என்று.

மறுநாள் மலைக்குப் போனோம். முடி இறக்கும் கொட்டகையில் உட்கார்ந்தேன். முடி இறக்குகிற ஆள் என் பின்னலை அவிழ்த்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டே, "இம்மாம் முடி கீது, வயசுப் பொண்ணு. பூமுடி போதாதாம்மா?" என்று அம்மாவைக் கேட்டார். பூமுடி என்றால் நுனியில் ஒரு பிடி மட்டும் கத்தரித்துக் கொடுப்பது. பெரிய பெண்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள்.

"அதத்தாங்க நானும் வழியெல்லாம் சொல்லிகினு வரேன். கேக்க மாட்டேன்றா."

"இன்னா பாப்பா, பூமுடி எடுத்துடலாமா?"

"மொட்டையே போடுங்க" என்றேன்.

"காலேஜுக்குப் போற பொண்ணுடி நீ" என்றாள் அம்மா.

"வேண்டிக்கிட்டது முழு முடி. அதைத்தான் குடுக்கணும்."

அந்த ஆள் சிரித்தார். "ஆங், சாமி விசயத்துல பாப்பா கறார். தலைய குனிமா."

குனிந்தேன். முடி மடியில் விழுந்தது. அழவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் நான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு படியிறங்கும்போது, இனிமேல் என்னை யாரும் கோயம்புத்தூருக்கு அனுப்ப முடியாது என்று நினைத்தேன். அப்படி எல்லாம் தெளிவாக நினைக்கவில்லை, ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதலாம். அது பொய். தெளிவாகத்தான் நினைத்தேன்.

கிளம்ப வேண்டிய நாளில் பாவா மத்தியானமே பையோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"இன்னா பாப்பா, தலைய மலையிலயே வெச்சுட்டு வந்துட்டியா?"

"நான் வரல பாவா. இந்தத் தலையோட நான் எப்படி ஆஸ்டல்ல போய் நிப்பேன்?"

"தாவணிய மேல போட்டுகினா யாருக்குத் தெரியப் போவுது? நாலு மாசத்துல வளந்துடும். கெளம்பு கெளம்பு."

"கிண்டல் பண்ணுவாங்க."

"பண்ணா பண்ணட்டும். எனக்கு முப்பது வயசுலயே முன்னாடி முடி கொட்டிப் போச்சு. உங்க அக்கா தெனமும் கிண்டல் பண்ணிகினுதான் இருக்கறா. நான் இன்னா வேலைக்குப் போவாம உக்காந்துட்டனா?"

நான் அழுதேன். அந்த அழுகை உண்மைதான், காரணம்தான் வேறு. வயசுப் பெண், மொட்டைத் தலை, அழுகை. யார் என்ன பேச முடியும்? பாவா டிக்கெட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். நைனா கடிதத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மடித்து, காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார்.

நான் உள்ளூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தேன். அதற்குள் எல்லா இடமும் நிரம்பி, வரலாற்றில் மட்டும் இடம் இருந்தது. முதல் நாள் மொட்டைத் தலையோடு வகுப்புக்குப் போனேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. திருத்தணியில் மொட்டைத் தலையை யார் பார்ப்பார்கள்? தினமும் பஸ் பஸ்ஸாக மொட்டைகள் மலையிலிருந்து இறங்குகிற ஊர் இது. பக்கத்தில் உட்கார்ந்த பெண், "வேண்டுதலா? எனக்குப் போன வருசம்" என்றாள். அதோடு முடிந்தது. கல்லூரியையோ வாத்தியார்களையோ குறை சொல்ல மாட்டேன். அங்கே விரும்பிப் படித்தவர்கள் நன்றாகவே வந்திருக்கிறார்கள். நான் விரும்பிப் போகவில்லை, ஒளிந்துகொள்ளப் போனேன். மூன்று வருஷத்தில் படித்த ஒரு ராஜாவின் பெயர்கூட இன்றைக்கு ஞாபகம் இல்லை.

எல்லோரும் அம்மாவைத்தான் திட்டினார்கள். அக்கா திட்டினாள். உயிரியல் டீச்சர் கடைத்தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டினார். "சாமிக்கு முடி முக்கியமா, பொண்ணு படிப்பு முக்கியமா? பத்து நாள் பொறுக்க முடியலயா உங்களுக்கு?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பக்கத்தில் நானும் நின்றிருந்தேன். பத்து நாள் பொறுக்கச் சொன்னதே அம்மாதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் அம்மாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் நமக்கே நம் ஞாபகம் மேல் சந்தேகம் வந்துவிடும் போல. பூமுடி என்று வழியெல்லாம் சொன்னது, அந்த ஆள் கேட்டது, எல்லாம் அவளுக்கு மறந்து போனது. நான் மறக்கவிட்டேன். அது மட்டும் இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து ஒரு சண்டையில் அம்மா, "இந்தப் படிப்புக்கு நல்ல வேல எங்கடி கெடைக்கும்?" என்றாள். "யாரால? எல்லாம் உன்னாலதான?" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் அம்மா மலைக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டு வாசலில் நின்றால் கோபுரம் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு எங்கிருந்தோ எல்லாம் காவடி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். அம்மா கதவைச் சாத்திவிட்டு உள்ளே அரிசி புடைப்பாள். யாராவது கேட்டால், "அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்த இல்ல" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இரண்டு ஏக்கரும் போய்விட்டது. கடலை மறுபடி மறுபடி மஞ்சளாகியது, கிணறு வற்றியது, நைனா விற்றுவிட்டார். இப்போது அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு பிளாட் போட்டிருக்கிறார்கள். நான் அக்ரி படித்திருந்தால் நிலம் தங்கியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. அக்ரி படித்தவர்கள் நிலமும் போகத்தான் செய்கிறது. ஆனால் நிலம் இருந்த கடைசி வருஷம் நைனா ஒரு செடியைப் பிடுங்கி என்னிடம் நீட்டி, "இது இன்னான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் செடியை வரப்பில் போட்டார். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

இந்த ஜூனில் அம்மையார்குப்பத்திலிருந்து ஒருவர் தன் மகளோடு கடைக்கு வந்தார். பவர்லூம் ஓட்டுகிறவர். சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மகளுக்கு நல்ல மார்க். அக்ரிதான் வேண்டுமாம்.

"எங்க கெடைச்சாலும் போடுங்க. கோயம்புத்தூர்னாலும் பரவால்லங்க" என்றார். இத்தனை வருஷத்தில் என் கடைக்கு வந்த அப்பாக்களில் இப்படிச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பெண், "வேணாம் நைனா. அம்மாவுக்கு முட்டி வலி. நான் போயிட்டா ஊட்டு வேலய யாரு பாப்பாங்க? டிரெயின்ல போய் வர்ற மாதிரியே போட்டுடலாம்" என்றாள்.

அவள் கண்ணைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

"முட்டி வலி உனக்கா, உங்க அம்மாவுக்கா?" என்றேன். "பயமா இருக்குதுன்னா பயம்னு சொல்லு. அவங்க மேல ஏன் போடற? பொய் சொல்லாத."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்பாவுக்குக் கோபம். "இன்னாங்க நீங்க, சாய்ஸ் போட வந்தா பொண்ண பொய் சொல்றான்றீங்க."

மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்திருந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து அவரிடம் சொன்னாள்: "கோச்சுக்காதீங்க. அவ வயித்தெரிச்சல் அது. இவ பெரிய ஆபீசரா ஆயிருக்க வேண்டியவ. நான்தான் மொட்டை போட்டு, போவ வேண்டிய எடத்துக்குப் போவாம பண்ணிட்டேன். பெத்தவளே கெடுத்துட்டேன். அதான் யாருன்னா அம்மா பேர சொன்னா அவளுக்கு எரியுது."

முன்பின் தெரியாத ஒருவரிடம், கடை நடுவில் நின்று, கைகூப்பாத குறையாக. அவர், "பரவால்லம்மா, நாளைக்கு வரோம்" என்று மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. வேறு கடையில் போட்டிருப்பார்கள். எந்தக் கல்லூரி போட்டார்களோ தெரியாது.

அன்று சாயங்காலம் சீக்கிரமே கடையை மூடிவிட்டு அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலூரில் சிரித்தது, கடிதம் வந்தது, வேண்டுதலைத் தள்ளிப் போடக்கூடாது என்று நான் சொன்னது.

"பூமுடின்னு நான் சொன்னனா?" என்று கேட்டாள்.

"சொன்னே. வழியெல்லாம் சொன்னே. மொட்டை போடறவரும் சொன்னாரு. நான்தான் கேக்கல."

"எனக்கு ஞாபகமே இல்லயே."

"எனக்கு இருக்குது."

கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டு முடிந்து இன்னொரு கட்டை எடுத்தாள்.

"பயமா இருக்குதுன்னு சொல்றதுக்கு இன்னா? நானும் கூட வந்திருப்பேனே. ஒரு மாசம் ரெண்டு மாசம் அங்கயே ஒரு ரூம் எடுத்துகினு இருந்திருப்பேன். மாட்ட உங்க நைனா பாத்துக்க மாட்டாரா?"

இது எனக்குத் தோன்றியதே இல்லை. பயத்தைச் சொன்னால் கேலி செய்வார்கள், அல்லது கட்டாயப்படுத்துவார்கள் என்று மட்டும்தான் அன்றைக்கும் தெரிந்தது, அதற்குப் பிறகும் தெரிந்தது. கூட வருவேன் என்று ஒருத்தி சொல்லக்கூடும் என்று தெரியவில்லை. அம்மா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அப்போ அவரு இன்னா பண்ணாரு?"

"யாரு?"

"மல மேல கீறாரே, அவரு. இத்தினி வருசமா அவரு மூஞ்சியில முழிக்கல நானு. உங்க நைனா படுக்கையில கெடந்தப்போ கூட போய் கேக்கல. அவரு மேல தப்பே இல்லயா அப்போ?"

"இல்ல."

"இத இப்ப வந்து சொல்றியே. எனக்கு முட்டி போயி, மலையேற முடியாத பெறகு."

எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று நாள் அம்மா சாப்பாடு கொண்டு வரவில்லை. நான்காம் நாள் மலைக்குப் போகிறாள் என்று அக்கா போன் செய்தாள். ஓடினேன். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, மேலே போகிற பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். நானும் வருகிறேன் என்றேன்.

"நீ வராத."

"முட்டி வலியோட தனியா எப்படிப் போவே?"

"பஸ்ஸு போவுது. நான் உக்காந்துகினுதான போறேன்? நீ போய் கடயப் பாரு."

பஸ் வந்தது. கண்டக்டர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மொட்டைத் தலைக் குழந்தைகளுக்கு நடுவில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்ததும் அக்காவுக்கு விபூதி கொடுத்தாள், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள், நைனா போட்டோவுக்கு வைத்தாள். எனக்குத் தரவில்லை. என்ன பேசினாய் என்று அக்கா கேட்டதற்கு, "அது எனக்கும் அவருக்கும்" என்று சொல்லிவிட்டாளாம்.

இப்போது மறுபடி கடைக்குச் சாப்பாடு கொண்டு வருகிறாள். என்னிடம் பேசுகிறாள். கீரை விலை, அக்கா பேரன் ஜுரம், எல்லாம் பேசுகிறாள். ஒன்று மட்டும் மாறிவிட்டது. போன வாரம் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். நான் சாய்ஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது, "இவ்ளோ வெவரமா இருக்கறாங்களே, இவங்க இன்னா படிச்சாங்க? பெரிய வேலைக்குப் போயிருக்கலாமே" என்று என் அம்மாவிடம் கேட்டார்.

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். பழக்கம். அடுத்து அம்மா என்ன சொல்வாள் என்று எனக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரியும். வேண்டுதல், மொட்டை, நான்தான் கெடுத்தேன். நானும் என் வழக்கப்படி முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளத் தயாராகிவிட்டேன். இத்தனைக்கும் பிறகும்.

அம்மா டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டே, "அவளயே கேளுங்க" என்றாள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். அவர் மகளும் திரும்பினாள்.

"பயந்துட்டேங்க" என்றேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் அம்மா டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.